செட் எடுக்க முதல் நிலத்தில் கடதாசி விரித்துப் பாருங்கள்

வாசகியின் கேள்வி: அக்கா, நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்து மூன்று மாதம் ஆகிறது. கடற்கரை நடந்து போகிற தூரம்தான். கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் நான், ஆறு வயது மகன், முழங்கால் வருத்தமுள்ள மாமி. ஹோல் 14 அடிக்கு 12 அடி, இரண்டு படுக்கையறை, குசினி, முன்னுக்கு விறாந்தை. உள்ளலங்காரத்துக்கு ஆள் பிடிக்கிற வசதி இல்லை, நானே செய்ய நினைக்கிறேன். தளபாடக் கடையில் சோபா செட், கட்டில், அலுமாரி எல்லாம் சேர்த்துத் தவணைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா? எங்கே இருந்து தொடங்குவது? ஹோல் சுவரின் கீழ்ப்பக்கம் வெள்ளையாய்ப் பொடி பூக்கிறது. அதற்கு மேலே பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

பதில்: தங்கச்சி, தாராளமாக நீங்களே செய்யலாம். வயரிங், சுவர் உடைக்கிற வேலை இரண்டையும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பொறுமையும் ஒரு அளவு நாடாவும் இருந்தால் முடியும். ஆனால் அந்தச் செட்டை இப்போது எடுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

பழைய பத்திரிகைக் கடதாசி ஒரு கட்டு எடுங்கள். கடையில் மூன்று பேர் இருக்கிற சோபா ஏறக்குறைய 7 அடி நீளம், 3 அடி அகலம் வரும். அந்த அளவுக்குக் கடதாசிகளை ஒட்டி, ஹோலின் 14 அடிச் சுவரோடு நிலத்தில் விரியுங்கள். அதற்கு முன்னால் ஒன்றரை அடி இடைவெளி விட்டு 2 அடி அகலத்தில் ஒரு டீப்போய். இடைவெளி அதைவிடக் குறைந்தால் கால் இடிக்கும், கூடினால் தேத்தண்ணிக் கோப்பை எட்டாது. டீப்போய்க்கு அப்பால் இன்னொரு ஒன்றரை அடி, பிறகு எதிர்ப்பக்கத்துச் சோபா 3 அடி. கூட்டிப் பாருங்கள்: மூன்று, ஒன்றரை, இரண்டு, ஒன்றரை, மூன்று. மொத்தம் 11 அடி. உங்கள் ஹோலின் அகலம் 12 அடி. வாசலில் இருந்து குசினிக்குப் போக மிஞ்சுவது ஒரே ஒரு அடி. ஒரு ஆள் தாராளமாக நடக்க இரண்டரை முதல் 3 அடி வேண்டும், முழங்கால் வருத்தத்தோடு எதையாவது பிடித்து நடக்கிற மாமிக்கு அதைவிடக் கூட வேண்டும். கடையில் அந்தச் செட் அழகாகத்தான் இருக்கும். ஏனென்றால் கடையின் மண்டபம் உங்கள் ஹோலைவிடப் பல மடங்கு பெரியது.

கடதாசியை இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்து, அதை மிதிக்காமல் மூன்று பேரும் நடமாடிப் பாருங்கள். மகன் எங்கே ஓடுகிறான், மாமி எந்தச் சுவரைப் பிடித்துப் போகிறார், பின்னேரம் வெயில் எந்த யன்னலால் உள்ளே விழுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நான் எந்த வீட்டு வேலை எடுத்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

செட்டுக்குப் பதிலாக நான் சொல்வது இது. சுவரோடு ஒரு நீள மர வாங்கு, 2 அடி அகலம், மேலே மெத்தை. முன்னால் ஒன்றரை அடி தள்ளி, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சின்ன மேசை. அப்புறம் தூக்கி வைக்கக்கூடிய இரண்டு பிரம்புக் கதிரைகள். வாங்கு, இடைவெளி, மேசை மூன்றும் சேர்ந்து 5 அடிதான், நடுவில் 7 அடி வெறுமையாகக் கிடக்கும். பகலில் மகன் அதில் விளையாடலாம். பொங்கலுக்கோ வருஷத்துக்கோ சொந்தக்காரர் பத்துப் பேர் வந்தால் பாயை விரித்துவிடலாம். எங்கள் பக்கத்தில் பன்பாய் இழைக்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், நல்ல பாய் இரண்டு வாங்கிச் சுருட்டி வையுங்கள். பின்னேரம் கடற்காற்று வரும்போது பிரம்புக் கதிரை இரண்டும் விறாந்தைக்குப் போகும். நாங்கள் உண்மையாக இருக்கிற இடம் விறாந்தைதானே. ஹோலை நிரப்புகிற காசில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

இனி அலுமாரி. கடைக்காரர் காட்டுகிற மினுக்கமான அலுமாரி பெரும்பாலும் மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை, மேலே மெலமைன் தாள் ஒட்டியது. காய்ந்த இடத்தில் அது கெட்ட சாமான் இல்லை. எங்கள் ஊரில் ஒக்டோபரில் தொடங்கும் மழை ஜனவரி, பெப்ரவரி வரை போகிறது. அந்த மாதங்களில் காற்றிலேயே ஈரம் நிற்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் வீட்டுக்கே அப்படி ஒன்று வாங்கினேன். முதல் மாரியிலேயே நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பலகை பிஸ்கற் தேத்தண்ணியில் ஊறுகிற மாதிரி ஊதிவிட்டது. ஓரத்தில் ஒட்டிய பட்டி விலகியது. பிணைச்சலின் ஸ்க்ரூ கையால் இழுக்கவே தூளோடு கழன்று வந்தது. திரும்ப முறுக்கினால் பிடிக்க அங்கே மரம் இல்லை, தூள்தான். கடையில் கேட்டபோது "தண்ணி பட்டிருக்கும்" என்று முடித்துவிட்டார்கள். தண்ணீர் பட்டது உண்மைதான். நிலம் துடைக்கிற ஈரத்துணியின் தண்ணீர்.

காசு குறைவென்றால் அழுத்திய பலகையே வாங்கலாம், தவறில்லை. ஆனால் கால் உள்ளதாக, அடிப்பலகை நிலத்தில் இருந்து 4 அங்குலமாவது உயர்ந்து நிற்பதாகப் பாருங்கள். வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றிலும் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று அடியில் கைவைத்துத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் விட்டுவிடுவார்கள், ஈரம் முதலில் ஏறுவதும் அங்கேதான்.

கட்டிலுக்கு மட்டும் மரத்தில் பின்வாங்காதீர்கள். தேக்கோ முதிரையோ வேம்போ, எதுவானாலும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கவேண்டும். பச்சை மரத்தில் செய்த கட்டில் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசுகிற மாதங்களில் சுருங்கி, பொருத்துகள் கிறீச்சிடும். மட்டக்களப்பில் நல்ல ஓடாவிமார் இருக்கிறார்கள், பறங்கியர் சமூகத்து ஓடாவிமாரின் கைவேலைக்குத் தனிப் பேர் உண்டு. பழைய வீடுகளில் இருந்து விலைக்கு வருகிற கட்டில், சாய்மனைக் கதிரை, மேசைகளையும் தேடிப் பாருங்கள். ஐம்பது வருஷம் நின்ற மரம் இனிப் பெரிதாகச் சுருங்காது. கறையான் அரிப்பும் மாப் போன்ற மரத்தூளும் இல்லையா என்று காலின் அடியைப் பார்த்து வாங்கி, சாண்ட் பேப்பர் போட்டு உரஞ்சி வார்னிஷ் அடியுங்கள். ஒரு சனி, ஞாயிறு வேலைதான், முதல்முறை செய்பவருக்கும் கைகூடும்.

கடலுக்குக் கிட்ட இருப்பதால் இரும்பில் மிகவும் கவனம். பிணைச்சல், கொண்டி, யன்னல் கேட்டின் (திரைச்சீலை) கம்பி, ஸ்க்ரூ இவையெல்லாம் உப்புக்காற்றில் துருவேறும். துரு சுவரிலும் துணியிலும் இறங்கினால் போகாது. பித்தளை அல்லது ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கேளுங்கள். ஸ்டெயின்லஸிலும் 304, 316 என்று தரம் உண்டு. கடலோரத்துக்கு 316 நல்லது, விலை கூட. விறாந்தையில் வெளிக்காற்றுப் படுகிற சாமானுக்கு மட்டும் அதை வாங்கினால் போதும். இரும்புச் சாமான் ஏற்கெனவே இருந்தால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பிரைமர் அடித்து, அதன் மேல் எனாமல் அடியுங்கள்.

சரி, அந்த வெள்ளைப் பொடி. அது உப்பு. சீமெந்து, மணல், கல் எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். கட்டும்போது ஊற்றிய தண்ணீர் காய்ந்து வெளியே வரும்போது அதையும் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரில் தங்கிவிடும். புதுவீட்டில் இது வழமையான விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு மேலே பெயின்ட் அடித்தால், முக்கியமாக எண்ணெய் பெயின்ட் அடித்தால், ஈரம் உள்ளே அடைபட்டு ஒரு மாரிக்குள் தோல் உரிகிற மாதிரி உரிந்து விழும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். கரைந்த உப்புத் திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த தும்புப் பிரஷால் உரஞ்சி, பொடியைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் நின்றால் அது வீட்டுக் காற்றின் ஈரம், யன்னல்களைத் திறந்துவைத்தால் போதும். சுவருக்குள் ஈரம் இருந்தால் ஒரு முழுக் கோடை காயவிட்டு, மாதம் ஒருமுறை உரஞ்சுங்கள். அதற்குப் பிறகும் கீழ் 2, 3 அடியில் மட்டும் திரும்பத் திரும்பப் பூத்தால் அது நிலத்தில் இருந்து ஏறுகிற ஈரம். அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் படை போட்டார்களா என்று மேசனிடம் கேட்கவேண்டும். எந்தப் பெயின்டும் அதை நிறுத்தாது. அதுவரை அந்தச் சுவரோடு அலுமாரியோ வாங்கோ ஒட்டி வைக்காதீர்கள், 3 அங்குலமாவது விலக்கி வையுங்கள்.

சுவர் காய்ந்தபின் சீமெந்தின் காரத்தைத் தாங்குகிற பிரைமர், அதன் மேல் தண்ணீரில் கலக்கிற எமல்ஷன். பெயின்ட் வேலைக்கு மாசி, பங்குனி நல்லது. கச்சான் காலத்தில் அடிப்பதானால் விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறமுன் முடியுங்கள். அந்தக் காற்றில் பெயின்ட் பிரஷிலேயே காய்ந்து கோடு கோடாக நிற்கும், தூசும் ஒட்டும். எவ்வளவு வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 12 அடிக்கு 11 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் 460 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 50 கழித்தால் 410. இரண்டு தரம் அடிக்க 820. ஒரு லீற்றர் ஏறக்குறைய 110 சதுர அடி பிடிக்கும். ஆக ஏழரை லீற்றர், கையிருப்போடு 8.

நிறத்தைக் கடை அட்டையைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். எங்கள் கரையில் வெளிச்சம் கடுமை, தூய வெள்ளை நண்பகலில் கண்ணைக் கூசும். ஈரமணலின் நிறம், இளநீர் வழுக்கையின் நிறம் மாதிரியானவை கண்ணுக்கு இதம். சின்ன டின் வாங்கி 2 அடிச் சதுர அட்டையில் அடித்து, காலை, நண்பகல், இரவு மின்குமிழ் வெளிச்சம் மூன்றிலும் வெவ்வேறு சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். மின்குமிழ் வாங்கும்போது பெட்டியில் 6500K என்று போட்டிருந்தால் நீலம் பாய்ந்த வெள்ளை. படுக்கையறைக்கும் விறாந்தைக்கும் 3000 வாங்குங்கள், மகன் படிக்கிற மேசைக்கு 4000.

மேற்குப் பக்க யன்னலுக்குத்தான் நல்ல கேட்டின் வேண்டும். பின்னேர வெயிலும் கச்சானும் அந்தப் பக்கம்தான். ஏப்ரல் நடுவில் இருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால் வடக்கு யன்னலையும் விட்டுவிடாதீர்கள். துணிக்கு மருதமுனைக்கே ஒருதரம் போய் வாருங்கள். அங்கே கைத்தறியில் நெய்கிற பருத்தித் துணி தடிப்பும் இருக்கும், காற்றையும் விடும். தைக்க முதல் ஒருமுறை தோய்த்துக் காயவிடுங்கள், பருத்தி சுருங்கும். அகலம் யன்னலைப் போல இரண்டு மடங்கு, கம்பி யன்னலுக்கு மேலே 5, 6 அங்குலம் உயர்த்தி. இவ்வளவு செய்தாலே அறை உயர்ந்த மாதிரித் தெரியும்.

சுவரில் படம் மாட்ட, படத்தின் நடு நிலத்தில் இருந்து ஏறக்குறைய 5 அடியில் வரட்டும். டிரில் பிடிக்கும்போது சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர்மேலேயும் நேர்கீழேயும் துளைக்காதீர்கள், வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, உயரமான அலுமாரியையும் புத்தக ராக்கையையும் மேல்பக்கத்தில் சுவரோடு கோணத்தகடு போட்டுப் பிணைத்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை லாச்சியை இழுத்து அதில் ஏறுவான், அலுமாரி அப்படியே அவன் மேல் சரியும். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு கல்லடியில் நான் வேலை செய்கிற எந்த வீட்டிலும் ஒரு விஷயம் கேட்டு வாங்கிச் செய்வேன். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படங்கள் இவற்றுக்கு வாசலுக்குக் கிட்ட, கையெட்டுகிற உயரத்தில், தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பெட்டிக்குத் தட்டு. உங்கள் வீட்டிலும் ஒன்று வையுங்கள்.

இப்போது எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். மாமியின் கதிரையில் தொடங்குங்கள். சாதாரணக் கதிரையின் இருக்கை 17 அங்குல உயரம், அவருக்கு 19 இருந்தால் எழும்புவது லேசு. இரண்டு பக்கமும் கைப்பிடி கட்டாயம், அது இருக்கையின் முன்ஓரம் வரை நீண்டிருக்கவேண்டும், எழும்பும்போது ஊன்றுவது அங்கேதான். பதிவான சோபாவில் அவரால் எழும்பவே முடியாது. ஓடாவியிடம் மாமியையே கூட்டிக்கொண்டு போய், இருக்கவைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.