பிறவி இதயக் கோளாறால் நீலம் பாயும் பச்சிளங்குழந்தை: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை மூன்றாம் நாள் நீலமாகிவிட்டது. பிறவிக் கோளாறு அதுவரை எப்படித் தெரியாமல் இருந்தது டாக்டர்?

பதில்: கருவில் நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே டக்டஸ் என்ற சின்னக் குழாய் இருக்கும். நுரையீரலுக்கு ரத்தம் போக வேறு வழியில்லாத குழந்தைக்கு அதுதான் உயிர். பிறந்த ஓரிரு நாளில் அது தானாகச் சுருங்கும்போது கோளாறு தெரியவரும். நாக்கைப் பாருங்கள். கை கால் மட்டும் நீலமென்றால் குளிராகக்கூட இருக்கலாம். நாக்கே நீலமென்றால் உடனே கிளம்புங்கள்.

கேள்வி: ஆக்சிஜன் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. கோளாறு ரத்தம் போகும் பாதையில் இருக்கிறது. ஆக்சிஜன் அதிகமானால் டக்டஸ் இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளவும் கூடும். அதைத் திறந்து வைக்கும் மருந்து புரோஸ்டாகிளாண்டின் இ1. சிரை வழியாக இடைவிடாமல் ஏற்றுவோம். பெரும்பாலும் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராமில் தொடங்கி, டக்டஸ் திறந்ததும் 0.01 வரை குறைப்போம். சந்தேகம் வலுத்தாலே தொடங்கிவிட வேண்டும், எக்கோ எனும் இதய ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இந்த மருந்து ஏறும்போது குழந்தை திடீரென மூச்சை நிறுத்தலாம். அதனால் செவிலியர் பக்கத்திலேயே இருப்பார். மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 80 என்று பார்த்துப் பெற்றோர் பதறுகிறார்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்கு 75 முதல் 85 சதவீதமே அப்போதைக்குப் போதும்.

நுரையீரல் சிரைகள் இடம் மாறி, அடைப்பும் இருந்தால் மட்டும் இந்த மருந்தை நம்பியிருக்க முடியாது. அவசர அறுவை சிகிச்சைதான்.

கேள்வி: என் தங்கை குழந்தைக்குப் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கின்றன. முதலில் பலூன், பிறகு ஆபரேஷன் என்கிறார்கள். ஏன் இரண்டு?

பதில்: அந்தக் குழந்தையின் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலக்காமல் தனித்தனியே சுற்றுகின்றன. சிரை வழியாகப் பலூனை இடது மேலறைக்குள் கொண்டுபோய், ஊதி, வெடுக்கென்று இழுத்தால் நடுச்சுவரில் துளை பெரிதாகும், ரத்தம் கலக்கும். அமெரிக்க மருத்துவர் ரஷ்கிண்ட் 1966இல் காட்டிய வழி இது. தமனிகளை மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை பிரேசில் மருத்துவர் ஜாடேன் 1975இல் வெற்றிகரமாகச் செய்தார். இதில் நுணுக்கமான வேலை, இதயத்துக்கே ரத்தம் தரும் நூல் போன்ற கரோனரித் தமனிகளையும் பெயர்த்து வைப்பதுதான். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இல்லாவிட்டால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் இடது கீழறையின் தசை மெலிந்துவிடும். பிறகு உடம்பு முழுக்க ரத்தம் தள்ள அதற்குத் தெம்பிருக்காது.

கேள்வி: ஃபாலோட் கோளாறுக்கும் உடனே ஆபரேஷனா?

பதில்: நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகி, கீழறைகளுக்கு நடுவே ஓட்டையும் இருப்பதுதான் ஃபாலோட் கோளாறு. உடனே ஆபரேஷன் எல்லோருக்கும் இல்லை. பலர் சில மாதம் வளர்ந்தபின் முழுச் சீரமைப்புக்கு வரலாம். நீலம் அதிகமானால் கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்குச் சின்னக் குழாய் வைப்போம். 1944இல் தொடங்கிய ஷன்ட் முறையின் இன்றைய வடிவம் இது. சில இடங்களில் டக்டஸுக்குள் ஸ்டென்ட் வைக்கிறார்கள். வீட்டில் அழுது அழுது திடீரென நீலமானால், முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: ஷன்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும். நீர்ச்சத்து குறைந்தால் 3.5 மில்லிமீட்டர் குழாயில் ரத்தம் உறைந்துவிடலாம். ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பால் குடிக்க மறுத்தால், இரவானாலும், விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.