மறு: ஈஸ்ட் பரிசோதனையில் பலூன் ஊதவே இல்லை

கொதித்து இறக்கிய தண்ணீரில் ஈஸ்ட்டைப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு அங்கேதான். 60 டிகிரி சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் காத்திருந்தாலும் பலூன் அசையாது.

விரல் விட்டால் இதமாக இருக்கும் தண்ணீர் (35–40 டிகிரி) 200 மி.லி., சர்க்கரை 2 தேக்கரண்டி, உலர் ஈஸ்ட் 1 தேக்கரண்டி. அரை லிட்டர் பாட்டிலில் கலக்குங்கள். பலூனை ஒருமுறை வாயால் ஊதி இளக்கிவிட்டு மாட்டி, கழுத்தில் ரப்பர் பேண்டை இறுக்கிப் போடுங்கள். பெரும்பாலும் கசிவது அந்த இடத்தில்தான். முதலில் நுரை கட்டும், அரை மணிக்கு மேல் பலூன் நிமிரும்.

"ஆக்சிஜன் இருந்தால் இன்னும் அதிக வாயு வருமே?" என்று உங்கள் மகள் கேட்டது பாதி சரி. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் (சர்க்கரை) மூலக்கூறுக்கு 6 கார்பன் டை ஆக்சைடு வரும். ஆனால் 6 ஆக்சிஜன் மூலக்கூறும் செலவாகிவிடும், அதனால் மொத்த வாயு கூடாது. நொதித்தலில், அதாவது ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைக்கும்போது, வருவது 2தான்; ஈடாக எந்த வாயுவும் செலவாகாததால் பலூன் உப்புகிறது.

ஒரு குளுக்கோஸுக்கு ஏடிபி (செல் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) கணக்கு: நொதித்தலில் 2, ஆக்சிஜனோடு சுமார் 30. நொதித்தலில் மீதி ஆற்றலில் பெரும்பகுதி அதில் உண்டாகும் எத்தனாலிலேயே (ஆல்கஹால்) தங்கிவிடுகிறது, அதனால்தான் அது எரிகிறது. பாடநூலில் 30க்குப் பதில் 38 என்று இருந்தால் தேர்வில் அதையே எழுதட்டும்.