மீன் எண்ணெய் மாத்திரை பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்குமா?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன; கீமோதெரபி நடக்கிறது. ஒமேகா-3 கொழுப்பு அமிலம் புற்றுச் செல்களின் மரபணுவையே மாற்றி அவற்றை அழிப்பதாகப் படித்தேன். அவருக்கு மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டது. மேலும், கொழுப்பு அமிலங்கள் மரபணுவின் எழுத்து வரிசையை மாற்றுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

இதில் மிகத் தெளிவாகப் புரிந்திருப்பது பியூட்டிரேட் என்ற நான்கே கார்பன் கொண்ட சிறிய கொழுப்பு அமிலம். நம் செல்லில் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கிறது. அந்தப் புரதங்களில் ஒட்டியுள்ள அசிட்டைல் குழுக்களை ஒரு நொதி நீக்கிவிட்டால் சுற்று இறுகி, அங்குள்ள மரபணுக்கள் அடங்கிவிடும். பியூட்டிரேட் அந்த நொதியைத் தடுப்பதால் சுற்று தளர்ந்து, செல் பிரிவதை நிறுத்தும் பி21 போன்ற மரபணுக்கள் மீண்டும் இயங்குகின்றன. இயல்பான பெருங்குடல் செல்லுக்கோ பியூட்டிரேட்டே முதன்மையான எரிபொருள். அந்தச் செல் அதை வந்த வேகத்தில் எரித்துவிடுகிறது. குளுக்கோஸையே பெரிதும் நாடும் புற்றுச் செல்லில் அது எரியாமல் தேங்கி உட்கருவை எட்டுகிறது. இந்தத் துறையில் நான் கண்ட மிக அழகான விளக்கம் இதுதான்.

வெண்ணெயிலும் பியூட்டிரேட், பியூட்டிரிக் அமிலம் என்ற வடிவில் உண்டு; ஆனால் அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு அது கிடைப்பது, தானியம், பருப்பு, காய்கறிகளில் உள்ள நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்வதால்தான்.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் வேறு வழியில் செயல்படுகின்றன. செல் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற மற்றொரு கொழுப்பு அமிலத்தின் இடத்தை அவை பிடித்துக்கொள்வதால், காக்ஸ்-2 நொதி வளர்ச்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்க மூலப்பொருள் குறைகிறது. ஆய்வகத் தட்டில் செல்கள் ஒமேகா-3 அமிலத்திலேயே ஊறிக் கிடக்கின்றன. விழுங்கிய மாத்திரையோ செரிமானமாகி இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பகிரப்பட்ட பிறகே குடலின் செல்லை அடைகிறது. குடலில் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகள் முன்பே கண்டறியப்பட்ட 709 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், ஓராண்டு இ.பி.ஏ. எடுத்தும் மீண்டும் கட்டி முளைத்தவர்களின் விகிதம் குறையவில்லை. பெருங்குடலின் இடப்பக்கத்தில் மட்டும் கட்டிகளின் எண்ணிக்கை ஓரளவு குறைந்தது.

வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் கீமோதெரபி. சில மீன் எண்ணெய்களில் உள்ள ஒருவகைக் கொழுப்பு அமிலம், எலிகளில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தின் வேலையைக் கெடுத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டினும் அதே பிளாட்டினக் குடும்பம்தான். மனிதரிலும் அப்படியே நிகழும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. இருந்தாலும் சிகிச்சைக் காலத்தில் அந்தச் சோதனையை உங்கள் தந்தையிடம் செய்துபார்க்க வேண்டியதில்லை.

நார்ச்சத்தை, அறுவைச் சிகிச்சை நிபுணர் அனுமதித்த பிறகு, போதிய தண்ணீருடன் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மலம் வெளியேற வயிற்றில் திறப்பு வைத்திருந்தாலோ குடலில் குறுக்கம் இருந்தாலோ அவர் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். மாத்திரையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அந்தப் புட்டியை அடுத்த கீமோதெரபிக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். தந்தை இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.