ஆக்சிஜன் சென்சார் எங்கே இருக்கும், அதை எப்படி மாற்றுவது?

புகைக்குழாயில் திருகி வைத்திருக்கும், ஸ்பார்க் பிளக் போன்ற சின்னப் பொருள்தான் ஆக்சிஜன் சென்சார். வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பெட்ரோல் சரியாக எரிய, ஒரு பங்குக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்; சென்சார் சொல்வதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். குளிக்கும்போது கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டே வெந்நீர்க் குழாயைக் கூட்டிக் குறைப்போம் இல்லையா, அந்தக் கைதான் இந்த சென்சார்.

தேடுவது எளிது. இன்ஜினிலிருந்து புகைக்குழாய் வழியே கண்ணை ஓட்டுங்கள். வயர் தொங்கும் ஒரு திருகு தெரியும். பெரும்பாலான கார்களில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எரிபொருள் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது முன்னால் இருப்பது. பின்னால் இருப்பது கன்வெர்ட்டரைக் கண்காணிக்கும்.

கழற்றுவதுதான் பாடு. சூட்டிலும் துருவிலும் மரை இறுகிப் போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியபின் வயர் இணைப்பைப் பிரித்து, பக்கவாட்டில் பிளவுள்ள சென்சார் சாக்கெட்டால் திருகுங்கள். பெரும்பாலும் 22 மி.மீ. அளவு. புதியதைக் கையால் சில சுற்று மாட்டி, அப்புறம் இறுக்குங்கள். மரை இறுகிப் போகாமலிருக்கப் பூசும் பசை சென்சார் நுனியில் படவே கூடாது, பட்டால் புது சென்சாரும் வீண்.

சென்சார் கோளாறு என்று கோட் (இன்ஜின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறுக் குறியீடு) வந்தாலே சென்சார் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அறுந்த வயரோ, குழாயில் சின்னக் கசிவோ இருந்தாலும் அதே கோட் வரலாம்.