விசா இருந்தும் விமானம் ஏற முடியாதது ஏன்? பெருந்தொற்றுக் காலப் பயணக் கேள்விகள்

கோவிட் காலத்தில் அலுவலகப் பயணங்களை ஏற்பாடு செய்வதுதான் என் வேலை. அடுத்த பெருந்தொற்றை நினைத்து இப்போதே பயண விதிமுறை எழுதும் சிலர் கேட்டவை இவை.

கேள்வி: சார், "72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை" என்றால் எதிலிருந்து கணக்கு?

பதில்: பெரும்பாலும் மாதிரி எடுத்த நேரத்திலிருந்து, முடிவு வந்த நேரத்திலிருந்து அல்ல. எதுவரை என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறியது. சிலருக்குப் புறப்படும் நேரம், சிலருக்குத் தரையிறங்கும் நேரம். மணிக்கணக்கா, நாள்கணக்கா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி 26 முதல் அமெரிக்கா கேட்டது 3 நாள். வெள்ளி இரவு விமானத்துக்குச் செவ்வாய் காலை எடுத்த பரிசோதனையும் செல்லும். அதுவே அந்த டிசம்பர் 6 முதல் ஒரு நாளாகச் சுருங்கியது.

கேள்வி: நேரடி விமானம் இல்லை. வழியில் மாறினால் பிரச்சினையா?

பதில்: அதிகம் பேர் மாட்டியது இங்கேதான். தனித்தனி டிக்கெட் எடுத்தால் நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டி வரலாம். அதற்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டும். அப்போது அந்த நாட்டின் நுழைவு விதியும் உங்கள் தலையில். ஒரே டிக்கெட்டாக எடுங்கள், செலவு கூடினாலும்.

பாஸ்போர்ட் மட்டும் போதாது, கடந்த 14 நாள் எங்கே இருந்தீர்கள் என்பதும் முக்கியம். 2020 மார்ச்சில் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலிருந்து வருவோரை அமெரிக்கா தடுத்தபோது, பலர் வேறொரு நாட்டில் 14 நாள் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் விதிப்படி சரி.

கேள்வி: இரண்டு தவணையும் போட்டாச்சே, போதாதா?

பதில்: எந்தத் தடுப்பூசி, எப்போது போட்டது? கோவேக்சின் உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் சேர்ந்ததே 2021 நவம்பர் 3 அன்றுதான். ஐரோப்பிய ஒன்றியமோ 2022 பிப்ரவரி முதல், பூஸ்டர் இல்லாத சான்றிதழை 270 நாளோடு காலாவதியாக்கியது.

கேள்வி: தூதரகம் போகலாம் என்றது, கவுன்டரில் மறுத்துவிட்டார்கள். யார் சொல்வது செல்லும்?

பதில்: அந்த நேரத்தில் கவுன்டர்தான். தகுதியில்லாத பயணியை ஏற்றினால் அபராதமும் திருப்பிக் கூட்டிவரும் செலவும் விமான நிறுவனத்துக்கு. அதனால் அவர்கள் நம்புவது நாடுகளின் நுழைவு விதிகளைத் தொகுத்துத் தரும் டிமேட்டிக் என்ற தரவுத்தளத்தை. தூதரகத்தின் பதிலை அச்செடுத்து வையுங்கள். விமான நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் ஓர் இலக்கம் தவறியதால் எங்கள் ஆள் ஒருவர் அன்றைய விமானத்தையே விட்டார்.

கேள்வி: காப்பீடு?

பதில்: மருத்துவச் செலவும் பயண ரத்தும் தனித்தனிப் பிரிவுகள். பாலிசி எடுக்கும் முன்பே பரவிவிட்ட தொற்று என்றால் ரத்துத் தொகையைப் பல நிறுவனங்கள் தராது.

கேள்வி: திரும்ப முடியாமல் அங்கேயே தங்கி வேலை பார்த்தால்?

பதில்: விசா நீட்டிப்பை மட்டும் பார்க்காதீர்கள், வரியும் வரும். நாடுகளுக்கிடையிலான பல வரி ஒப்பந்தங்களில் வரம்பு 183 நாள். அதுவரை காத்திருக்காமல் நூறாவது நாளிலேயே கணக்குப் பிரிவிடம் சொல்லுங்கள். எந்தத் தேதியில் நுழைந்தீர்கள் என்று காட்டச் சாட்சியும் வேண்டும். பல விமான நிலையங்களில் இப்போது முத்திரையே குத்துவதில்லை. அதனால் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.