தவளைத் தண்டுவடத்தில் புரோஸ்டாகிளாண்டின் சிதைவது எப்படி? கேள்வி பதில்

நொதிகளோடு பல வருடம் மல்லுக்கட்டிய அனுபவத்தில், தெரிந்த வரை பதில் சொல்லியிருக்கிறேன்.

புரோஸ்டாகிளாண்டினை (திசுக்கள் கொழுப்பிலிருந்து உண்டாக்கும் சமிக்ஞைப் பொருள்) சிதைக்க நொதி அவசியமா? தானாகவே போய்விடாதா?

போகாது. சாதாரண அமில-கார நிலையில், அதன் ஒரு வகையான ஈ2 தண்ணீரில் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். இதன் உடம்பில் 20 கார்பன். பதினைந்தாவதில் உள்ள ஹைட்ராக்சிலை 15-ஹைட்ராக்சி டீஹைட்ரஜனேஸ் கீட்டோவாக மாற்றும், கழற்றிய ஹைட்ரஜனை என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் வாங்கிக்கொள்ளும். அப்புறம் இன்னொரு நொதி 13, 14-க்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பை நிரப்பிவிடும். முதல் படியிலேயே கதை முடிந்த மாதிரிதான்: சாவியின் ஒரு பல்லை அரத்தால் தேய்த்துவிட்டால் பூட்டு திறக்குமா?

தவளை நரம்பில் இதைத் தேட என்ன காரணம்?

1966-இல் ராம்வெல், ஷா, ஜெசப் மூவரும் தவளைத் தண்டுவடத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் தானாகவும், தூண்டும்போதும் வெளிவருவதைக் காட்டினார்கள். வெளிவந்ததை யாராவது அடக்க வேண்டுமே! அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் சிதைக்க அங்கேயே நொதி காத்திருக்கிறது. ஆனால் வளர்ந்த பாலூட்டியின் மூளையில் இந்த டீஹைட்ரஜனேஸ் மிகக் குறைவு. அங்கே, மூளை நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல் புரோஸ்டாகிளாண்டினை இரத்தத்துக்குள் தள்ளிவிடும், நுரையீரல் ஒரே சுற்றில் பெரும்பகுதியை முடித்துவிடும். இதையே தவளைக்கும் ஒட்டிவிடாதீர்கள். அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். அரைத்த தண்டுவடத்தில் ஈ2 குறைந்திருக்கிறது. நொதி இருக்கிறது என்று எழுதலாமா சார்?

அவசரப்படாதீர்கள் தம்பி. கொதிக்க வைத்து நொதியைச் சாகடித்த திசுவோடு ஒரு குழாய், என்.ஏ.டி. சேர்க்காமல் ஒரு குழாய் வைத்தீர்களா? நானும் ஒரு முறை கொதித்த குழாயை மறந்து, ஒரு வார வேலையைக் குப்பையில் போட்டவன்தான்.

குறைந்தது எங்கே போயிற்று என்பதுதான் முக்கியம். பொருள்களைத் தனித்தனிப் பட்டையாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தட்டில் ஈ2 பட்டை தேய்ந்து, அது சிதைந்து வரும் 15-கீட்டோ இருக்கும் இடத்தில் புதுப் பட்டை எழும்ப வேண்டும். எஃப்2 ஆல்ஃபா என்ற இன்னொரு புரோஸ்டாகிளாண்டினின் இடத்தில் எழும்பினால் அது வேறு நொதியின் வேலை: ஒன்பதாவது கார்பனின் கீட்டோ குறைக்கப்பட்டிருக்கிறது. எஃப்-க்குத் தனி வீரியம் உண்டு, ஆகவே அதைச் சிதைவு என்று சொல்ல முடியாது. ஈ2 அமிலத்தில் கெட்டு உண்டாகும் ஏ2 தெரிந்தால் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். பிரித்தெடுக்கும்போது அமிலம் கூடியிருக்கும்.

இன்னொன்று, இரத்தத்தை நன்றாகக் கழுவினீர்களா? தவளையின் சிவப்பணுவுக்கு உட்கருவே உண்டு, அதற்குள்ளும் நொதிகள் இருக்கலாம். கழுவாவிட்டால், வரும் எண் நரம்புடையதா இரத்தத்துடையதா என்று யாரும் சொல்ல முடியாது. 37 டிகிரியில் வைத்திருந்தால், அறை வெப்பத்திலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தவளை நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்திருக்கும் ஜீவன் இல்லை.

இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைச் சேர்த்தால் சிதைவு நிற்குமா?

அதன் முக்கிய வேலை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துவது. அரைக்கும்போது அடிபட்ட திசு புதிதாக உண்டாக்குவதைத் தடுக்கக் கொஞ்சம் சேர்ப்பது நல்லதே. அளவு மிஞ்சினால் டீஹைட்ரஜனேசையும் தடுக்கும், பிறகு சிதைவே இல்லை என்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.