பென்சில் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: என் மகள் பென்சில் முனையைக் கடித்துவிட்டாள். உள்ளே இருப்பது காரீயமா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், காரீயம் இல்லை. கிராஃபைட்டும் களிமண்ணும்தான். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் கிராஃபைட் கிடைத்தபோது அதைக் காரீய வகை என்றே நினைத்தார்கள். அது கார்பன் என்று 1779இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே காட்டினார். பழைய பெயர் மட்டும் போகவில்லை. வாயில் மரச்சிராய் ஏதும் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

கேள்வி: எச்.பி., 2பி, 4எச் என்கிறார்களே, படம் வரைய எதை வாங்குவது?

பதில்: எல்லாம் களிமண்ணின் அளவைப் பொறுத்தது. 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் கண்டுபிடித்த முறை இது. போரால் இங்கிலாந்துக் கிராஃபைட் வரத்து நின்றுபோக, இருந்த கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். இன்றும் அப்படித்தான், சுட்டபிறகு வழுக்கி எழுத மெழுகில் ஊறவைப்பார்கள். களிமண் கூடினால் கடினம், மெல்லிய சாம்பல் கோடு: அது எச். கிராஃபைட் கூடினால் மென்மை, கறுப்பு: அது பி. எச்.பி. இரண்டுக்கும் நடுவே. எண் ஏற ஏற அந்தக் குணமும் ஏறும். பெரிய செட் வேண்டாம். எச்.பி., 2பி, 6பி மூன்றும் போதும், கையழுத்தத்திலேயே எத்தனையோ சாயல் வரும். ஒரு விஷயம்: மூன்றும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். ஒருவரின் 2பி இன்னொருவரின் 2பி அல்ல.

கேள்வி: சீவச் சீவ முனை உடைகிறது. மட்டமான பென்சிலா?

பதில்: கீழே விழுந்ததா என்று முதலில் யோசியுங்கள். விழுந்த பென்சிலில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குச்சி துண்டு துண்டாகியிருக்கும். அப்புறம் பின்பக்கத்தைப் பாருங்கள். பள்ளம் வெட்டிய இரண்டு மரப்பட்டைகளுக்கு நடுவே குச்சியை வைத்து ஒட்டுகிறார்கள்; குச்சி நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் எவ்வளவு சீவினாலும் ஒரு பக்கம் மரம் மிஞ்சும். இரண்டும் சரி என்றால் ஷார்ப்னரின் பிளேடு மழுங்கியிருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கலர் பென்சில் ஏன் ரப்பரில் சரியாக அழிவதில்லை?

பதில்: அதில் கிராஃபைட்டே கிடையாது. நிறமிப் பொடியை மெழுகிலோ எண்ணெயிலோ குழைத்துச் செய்கிறார்கள். அது காகித இழைகளில் அப்பிக்கொள்கிறது, ரப்பரால் தேய்த்தால் ஈஷத்தான் செய்யும். சூளையில் சுடாததால் சீக்கிரம் உடையவும் செய்கிறது.

கேள்வி: தச்சர்களின் பென்சில் ஏன் தட்டையாக இருக்கிறது?

பதில்: சாய்ந்த பலகையில் வைத்தாலும் உருண்டு விழாது. குச்சியும் தடிமனானது, சொரசொரப்பான மரத்தில் இழுத்தாலும் தாங்கும்.